பேசும் போன் எல்லாம் ஒன்றல்ல: பார்வையற்றவர்களுக்காக எந்த நிறுவனம் எவ்வளவு செய்கிறது?

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. டிஜிட்டல் சேவைகளைப் பயன்படுத்த முடிவதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது. வங்கிக் கணக்கு தொடங்கவும் சிம் கார்டு வாங்கவும் 'கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று கேட்கும் இ-கேஒய்சி என்ற மின்னணு அடையாளச் சரிபார்ப்பு முறைக்கு மாற்றுவழி வைக்கச் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் ஆசிட் வீச்சில் கண்ணும் முகமும் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும்.

அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும் பார்வையற்றவர்களுக்கான புதிய வசதிகளை அறிவித்தன. மே மாதத்தின் மூன்றாம் வியாழக்கிழமை உலக அணுகல்தன்மை விழிப்புணர்வு நாள். அணுகல்தன்மை என்றால், மாற்றுத்திறனாளிகளும் தடையில்லாமல் பயன்படுத்த முடிவது. 2012இல் தொடங்கிய வழக்கம். அதையொட்டி ஆண்டுதோறும் இப்படி அறிவிப்புகள் வரும்.

இரண்டு செய்தியையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. போன்தான் பேசுகிறதே, அப்புறம் நீதிமன்றம் எதற்கு? எல்லா நிறுவனமும் 'எங்களுக்கு அக்கறை உண்டு' என்கிறது, யாரை நம்புவது?

போன் 'பேசுவது' எப்படி?

பார்வையற்றவர் போனையோ கணினியையோ பயன்படுத்த உதவும் மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். ஐபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக், விண்டோஸில் நரேட்டர். விரலைத் திரையில் வைத்தால் அடியில் இருப்பதைச் சொல்லும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது. இரண்டு முறை தட்டினால் அது திறக்கும்.

இங்கே பலரும் தவறாக நினைப்பது ஒன்றுண்டு. ஸ்கிரீன் ரீடர் திரையைப் பார்த்து வாசிப்பதில்லை. திரையில் உள்ள ஒவ்வொன்றையும் பற்றி ஆப்தான் இயங்குதளத்திடம் (போனை இயக்கும் அடிப்படை மென்பொருளிடம்) விவரம் கொடுத்து வைக்க வேண்டும்: அதன் பெயர் என்ன, அது பட்டனா பெட்டியா, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அதில் என்ன மதிப்பு இருக்கிறது. கொடுத்திருந்தால் 'பணம் அனுப்பு, பட்டன்' என்று கேட்கும். கொடுக்காவிட்டால் 'அன்லேபில்ட், பட்டன்' என்று மட்டும் கேட்கும். ஒரு பக்கத்தில் அப்படி ஆறு பட்டன் இருந்தால் எதைத் தட்டினால் பணம் போகும், எதைத் தட்டினால் ரத்தாகும் என்று பார்வையற்றவருக்கு எப்படித் தெரியும்? பெயர் எழுதுவது புரோகிராமருக்கு ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியைத்தான் எழுதாமல் விடுகிறார்கள்.

ஆக, பொறுப்பு மூன்று இடத்தில் இருக்கிறது:

1. இயங்குதளத்தைச் செய்பவர். ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட். ஸ்கிரீன் ரீடர் இவர்களுடையது.
2. ஆப்பையும் இணையதளத்தையும் செய்பவர். வங்கி, டிக்கெட் முன்பதிவு, மருந்து டெலிவரி, அரசுத் துறை.
3. அதில் எழுத்தையும் படத்தையும் போடுபவர். இதில் நாமும் அடக்கம்.

மூன்றாவதற்கு நம்மூர் உதாரணமே போதும். மழை பிடித்துவிட்டால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வாட்ஸ்அப் குழுக்களில் முதலில் பறப்பது பள்ளி விடுமுறை பற்றிய ஆட்சியரின் அறிவிப்பு. பெரும்பாலும் படமாகத்தான் வரும். பள்ளியில் வேலை பார்க்கும் பார்வையற்ற ஆசிரியரின் போன், அனுப்பியவர் பெயரைச் சொல்லி, 'போட்டோ' என்று சொல்லி, நேரத்தைச் சொல்லி முடித்துவிடும். லீவா இல்லையா என்று அவர் இன்னொருவருக்கு போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். படத்திலுள்ள எழுத்தைப் பிரித்து வாசிக்கும் வசதிகள் இப்போது உண்டு. பல போன்களில் அதற்குப் படத்தைச் சேமித்து வேறு ஆப்பில் திறக்க வேண்டியிருக்கும். படத்தின் கீழே 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்று ஒரு வரி தட்டியிருந்தால் அவ்வளவும் மிச்சம். இந்த இடத்தில் போன் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

ஆப்பிள்: ஆழம் உண்டு, விலையும் உண்டு

வாய்ஸ்ஓவர் 2005இல் மேக் கணினியில் வந்தது, 2009இல் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வந்தது. அன்றைய நிலைமையை நினைத்துப் பார்த்தால்தான் அதன் அளவு புரியும். பட்டன் போனில் தடவித் தடவி எண்ணைக் கண்டுபிடிக்கலாம். ஐந்தின் மேல் ஒரு சிறு மேடு இருக்கும். வழவழப்பான கண்ணாடித் திரையில் தடவ என்ன இருக்கிறது? தொடுதிரை வந்தால் பார்வையற்றவர்களுக்கு போன் உலகமே மூடிவிடும் என்ற பயம் இருந்தது. தொட்டால் சொல், இரண்டு முறை தட்டினால் திற என்ற முறையைத் தனிக் காசு வாங்காமல் போனுக்குள்ளேயே வைத்து அந்தப் பயத்தைப் போக்கியது ஆப்பிள். பெட்டியைப் பிரித்ததும் பக்கவாட்டு பட்டனை மூன்று முறை அழுத்தினால் பேச ஆரம்பிக்கும். பார்வையுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.

பெயர் வைக்காத பட்டன்களைப் போன் தானே ஊகித்துச் சொல்லும் வசதி 2020இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 14இல் வந்தது. எந்த ஆப் வாய்ஸ்ஓவரோடு வேலை செய்யும் என்று பதிவிறக்கும் முன்பே காட்டும் குறிப்பை ஆப் ஸ்டோரில் வைக்கப்போவதாக 2025 மே மாதம் அறிவித்தார்கள். ஆனால் அதை நிரப்புவது ஆப் செய்தவரே. நமக்கு நாமே மார்க் போடுவது போலத்தான்.

வன்பொருளும் மென்பொருளும் ஒரே கையில் இருப்பதால் ஆப்பிளுக்கு இது எளிது என்பதையும் சொல்ல வேண்டும். அப்புறம், புதிய ஐஓஎஸ் வந்ததும் அனுபவமுள்ள பார்வையற்ற பயனர்கள் உடனே அப்டேட் செய்ய மாட்டார்கள்; வாய்ஸ்ஓவரில் என்னென்ன உடைந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் செய்வார்கள். குமரி மாவட்டத்தில் பார்வையற்றவர் கையில் ஐபோன் இருந்தால், வளைகுடாவில் இருக்கும் அண்ணனோ மைத்துனரோ கொண்டுவந்து கொடுத்த பழைய போனாக இருக்க வாய்ப்பு அதிகம். கடையில் போய்ச் சொந்தக் காசில் வாங்கும் விலையில் அது இல்லை.

கூகுள்: நமக்கு இதுதான் முக்கியம்

இந்தியாவில் பத்தில் ஒன்பது போனுக்கு மேல் ஆண்ட்ராய்டு. எனவே நம் மாவட்டத்துப் பார்வையற்றவர்களின் அன்றாடம் ஓடுவது பெரும்பாலும் கூகுள் செய்யும் வேலையின் தரத்தில்தான்.

டாக்பேக்கும் 2009இலேயே வந்துவிட்டது. ஆனால் திரையை விரலால் தடவிக் கேட்கும் வசதி 2011இல் ஆண்ட்ராய்டு 4.0 வரும்வரை இல்லை. பல விரல் சைகைகள் ஒழுங்காக வந்தது 2021இல். இத்தனைக்கும் கூகுளில் 2005 முதல் டி.வி. ராமன் இருந்தார். புனேயில் பிறந்து, 14 வயதில் பார்வை இழந்து, ஐஐடி பம்பாயில் படித்து, கணிதச் சமன்பாடுகளை ஒலியாக்கும் ஆராய்ச்சிக்கு கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முனைவர் பட்டம் வாங்கியவர். அப்படி ஒருவர் உள்ளே இருந்தும் தாமதமானதற்கு என் கணிப்பில் காரணம் ஆண்ட்ராய்டின் அமைப்புதான். கூகுள் ஒன்று செய்யும், போன் தயாரிப்பாளர் அதன்மேல் தன் சட்டையைப் போடுவார், கீழ்விலை போனில் ரேம் பற்றாது. விரலை வைத்து, குரல் வருவதற்குள் அரை நொடி போய்விடும். பார்வையுள்ளவருக்கு அரை நொடி ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் முறை தட்டுகிறவருக்கு அது எரிச்சல் பிடித்த வேலை.

இன்று நிலைமை மேம்பட்டிருக்கிறது. கூகுளின் செயற்கை நுண்ணறிவான ஜெமினி வழியாக டாக்பேக்கே படத்தை விவரிக்கிறது. அந்தப் படத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் வசதியும் 2025இல் அறிவிக்கப்பட்டது. இரண்டு ஒலிப் பட்டன்களையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தினால் பெரும்பாலான போன்களில் டாக்பேக் வந்துவிடும். ஆனாலும் ஒரே விலையில் இரண்டு போன் வாங்கினால் இரண்டும் ஒரே மாதிரி நடக்கும் என்று உறுதியில்லை. வாங்கும் முன் கடையிலேயே டாக்பேக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

மைக்ரோசாஃப்ட்: தாமதம், பிறகு திருப்பம்

நரேட்டர் விண்டோஸ் 2000இல் வந்தது. பெயருக்குத்தான் வந்தது. 'அன்றாட வேலைக்கு இதைவிடத் திறன் கூடிய ஸ்கிரீன் ரீடர் தேவைப்படும்' என்று அதன் அறிமுகச் செய்தியே ஒப்புக்கொண்டது. அந்த வெற்றிடத்தை ஜாஸ் என்ற மென்பொருள் நிரப்பியது. அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. உலகின் பெரிய மென்பொருள் கம்பெனியின் கணினியைப் பயன்படுத்த, பார்வையற்றவர் மட்டும் இரண்டாம் முறை காசு கட்ட வேண்டிய நிலை.

2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரைத் தொடங்கினார்; ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்ற இளைஞரும் சேர்ந்துகொண்டார். மூல நிரலும் திறந்தது, யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். யூஎஸ்பியில் போட்டு எந்தக் கணினியிலும் ஓட்டலாம். நாகர்கோவிலில் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்ற மாணவர் இன்று காசு செலவில்லாமல் விண்டோஸில் வேலை செய்ய முடிகிறதென்றால், அதற்கு முதல் நன்றி இவர்களுக்கு. கோடிகள் புரளும் நிறுவனம் செய்யாததை அவர்கள் செய்தார்கள்.

விண்டோஸ் 10க்குப் பிறகு நரேட்டர் உருப்படியானது. அச்செழுத்து, முகம் இவற்றையெல்லாம் கேமரா வழியே விவரிக்கும் சீயிங் ஏஐ ஆப் 2017இல் வந்தது. அதன் தலைமைப் பொறியாளர் சாகிப் ஷேக் பார்வையற்றவர். ஆனால் அந்த ஆப் முதலில் ஐபோனுக்கு மட்டும் வந்தது. ஆண்ட்ராய்டுக்காரர்கள் 2023 டிசம்பர் வரை காத்திருந்தார்கள். ஏழை நாட்டுப் பயனர் வரிசையில் எங்கே நிற்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

போகிறபோக்கில் ஒன்று: நரேட்டர் வந்த அதே 2000ஆம் ஆண்டின் முதல் நாளில்தான் கன்னியாகுமரிக் கடலில் 133 அடி வள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. விண்டோஸுக்குத் தமிழ்க் குரல் கிடைக்க அதன்பிறகு நெடுங்காலம் ஆனது. அந்தக் குரலுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர், வள்ளுவர்.

ட்விட்டர் சொல்லும் பாடம்

2020 ஜூனில் ட்விட்டர் குரல்பதிவு ட்வீட்களை விட்டது, எழுத்து வடிவம் இல்லாமல். காது கேளாதோர் கொதித்தார்கள். அணுகல்தன்மைக்கென்று தனிக் குழுவே அங்கே இல்லை என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. அதே ஆண்டு குழு அமைத்தார்கள். படங்களுக்கு விளக்கம் எழுதும் பழக்கத்தை அந்தக் குழு வளர்த்தது. நல்ல வேலை செய்தார்கள். நிறுவனம் கைமாறியதும் 2022 நவம்பரில் நடந்த ஆட்குறைப்பில் அந்தக் குழு இல்லாமல் போனது. 2023 ஜனவரியில் வெளியார் செய்த ட்விட்டர் ஆப்கள் முடக்கப்பட்டன. பார்வையற்றவர்கள் பலர் நம்பியிருந்த எளிய ஆப்களும் அதோடு போயின.

அந்த ஆண்டே ரெடிட் என்ற விவாதத் தளமும் வெளியார் ஆப்களுக்குக் கட்டணம் போட்டது. பார்வையற்ற பயனர்கள் எதிர்த்த பிறகு, லாபநோக்கமில்லாத அணுகல்தன்மை ஆப்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. ஒரு நிறுவனத்தின் அக்கறை அதன் முதலாளியின் மனதில் மட்டும் இருந்தால் முதலாளி மாறும் நாளில் அதுவும் போய்விடும். அதனால் அறிவிப்பைவிட, அதைக் கட்டாயமாக்கும் சட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதே சரி.

சட்டம் தள்ளிய வரலாறு

நல்ல மனதால் மட்டும் இதெல்லாம் வந்துவிடவில்லை.

1. அமெரிக்காவில் 1998இல் திருத்தப்பட்ட, மறுவாழ்வுச் சட்டத்தின் 508ஆவது பிரிவு, மத்திய அரசு வாங்கும் மின்னணுப் பொருள்கள் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்கவையாக இருக்க வேண்டும் என்றது. பெரிய வாடிக்கையாளர் கேட்டால் கம்பெனி கேட்கும்.
2. டார்கெட் என்ற அமெரிக்கக் கடைத்தொடரின் இணையதளத்துக்கு எதிராக அமெரிக்கப் பார்வையற்றோர் கூட்டமைப்பு தொடுத்த வழக்கு 2008இல் 60 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.
3. அதே 2008இல் பாட்டு வாங்கிக் கேட்கும் தன் ஐட்யூன்ஸ் மென்பொருளைப் பார்வையற்றவர் பயன்படுத்தும்படி மாற்ற, மாசசூசெட்ஸ் மாநில அட்டர்னி ஜெனரலுடனும் அந்தக் கூட்டமைப்புடனும் ஆப்பிள் ஒப்பந்தம் செய்தது. இன்று முன்னணியில் இருப்பவரையும் ஒருவர் தள்ளியிருக்கிறார்.
4. அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் 2009இல் புத்தகத்தை வாசித்துக் காட்டியது. ஆனால் அதன் மெனு பேசவில்லை. புத்தகத்தைத் திறக்கவே இன்னொருவர் வேண்டும். அதைப் பாடநூலுக்குப் பயன்படுத்த முனைந்த அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் வழக்கைச் சந்தித்தது, 2010இல் சமரசம்.
5. ஐரோப்பாவின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. போன், ஏடிஎம், இணைய வணிகம் எல்லாம் அதில் வரும்.

இந்தியாவிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. விதிகள் வந்து இரண்டு ஆண்டுக்குள், அதாவது 2019க்குள், தனியார் சேவைகளும் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. விதிகளிலுள்ள தரங்கள் வெறும் பரிந்துரைபோல் கிடக்கின்றன, கட்டாயத் தரங்களை வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது. 2025 தீர்ப்பு இன்னும் ஒருபடி போய், ஆப்பையோ புதிய வசதியையோ வெளியிடும் முன் பார்வையற்றவர்களை வைத்துச் சோதிக்கவும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தணிக்கை செய்யவும் சொல்கிறது. சட்டம் இருந்தும் இணையம் எந்த நிலையில் இருக்கிறது? வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025இல் 94.8 சதவீதப் பக்கங்களில் குறை இருந்தது.

தமிழ் என்று வந்தால்

ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒப்பீடுகளில் காணாமல் போவது இந்தப் பகுதிதான். ஐபோன் 2009இல் பேசத் தொடங்கியது. அதில் தமிழ்க் குரல் சேரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. கூகுளின் தமிழ்க் குரல் ஆண்ட்ராய்டில் இலவசமாகக் கிடைக்கிறது. என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருள் தமிழ் வாசிக்கும். எந்திரக் குரல்தான், ஆனால் வேகமாக ஓட்டினாலும் சிதறாது. பழகியவர்கள் அதையே விரும்புவார்கள்.

குரல் இருந்தால் மட்டும் போதாது. பழைய அரசாணைகளும் பாடக் குறிப்புகளும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. கண்ணுக்கு 'அம்மா' என்று தெரியும். கணினிக்குள் அது ஆங்கில எழுத்துகளாகத்தான் இருக்கிறது. பாமினியில் அடித்த 'அம்மா'வை ஸ்கிரீன் ரீடர் 'எம் கே செமிகோலன் கே ஹெச்' என்று வாசிக்கும். ஒரு பக்கம் முழுக்க இப்படியே கேட்டுப் பாருங்கள். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. யூனிகோடில் அடித்ததைக் கூட அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து படமாக ஏற்றிவிடுகிறார்கள்.

விளவங்கோடு பக்கத்தில் இன்னொரு சிக்கல். ஒரே வாட்ஸ்அப் உரையாடலில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் வரும். எழுத்து மாறும்போது குரலும் மாற வேண்டும். ஒவ்வொரு போனும் ஒவ்வொரு விதமாகத் தடுமாறும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பும் நம் பழக்கம் எல்லாவற்றையும்விட மோசம். ஆங்கிலக் குரல் அதை வாசிப்பதைக் கேட்டால் அனுப்பியவருக்கே புரியாது.

கடையில் பணம் கொடுக்கும்போது

வடசேரி பேருந்து நிலையத்தில் ஒரு கடையில் யூபிஐ வழியாகப் பணம் கொடுப்பதை எடுத்துக்கொள்ளலாம். கியூஆர் அட்டை எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாமல் கேமராவை நீட்ட வேண்டும். கடைக்காரர் கையைப் பிடித்துத் திருப்பிவிடுவார், அல்லது எண் வாங்கி அனுப்ப வேண்டும். பின் எண் போடும்போது விரல் வைத்த இலக்கத்தைப் போன் சொல்லும். இயர்போன் இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். இயர்போன் போட்டால் பஸ் ஹாரனும் கடைக்காரர் பேச்சும் கேட்காது. நடுவில் விளம்பரம் ஒன்று வந்து திரையை மூடினால், அதை மூடும் பட்டனுக்குப் பெயர் இருக்காது. போன் கம்பெனி தன் வேலையைச் செய்திருக்கிறது. கோட்டை விட்டது ஆப்.

எதிர்பாராத இடத்திலிருந்து உதவியும் வரும். கடைகளில் 'ரூபாய் பெறப்பட்டது' என்று சொல்லும் அந்தச் சின்னப் பெட்டி பார்வையற்றவர்களுக்காகச் செய்ததல்ல. ஆனால் பார்வையற்ற கடைக்காரருக்கு அதைவிட உதவியான கருவி கிடையாது. நோட்டை அடையாளம் சொல்லும் மணி என்ற ஆப்பை ரிசர்வ் வங்கி 2020இல் திட்டமிட்டே வெளியிட்டது.

எப்படி ஒப்பிடுவது, எங்கே கேட்பது?

அடுத்த மே மாதம் அறிவிப்புகள் வரும்போது இந்தக் கேள்விகளைக் கேட்டால் பாதிக் குழப்பம் தீரும்:

1. வாங்கிய அன்றே யார் துணையும் இல்லாமல் தொடங்க முடிகிறதா?
2. அறிவித்த வசதி பத்தாயிரம் ரூபாய் போனிலும் வருமா, தமிழில் வருமா?
3. அப்டேட் வந்தபின் உடைந்தால் எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள்?
4. பார்வையற்றவர்கள் அங்கே வேலை பார்க்கிறார்களா? 'இது சரியில்லை, வெளியிடாதே' என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்டா?

நான்காவதற்குத்தான் என் மதிப்பெண் அதிகம். அதற்கு வெளியிலிருந்து பதில் கிடைப்பதும் அரிது.

ஆப்பில் குறை இருந்தால், எந்தப் பக்கம், எந்தப் பட்டன், எந்த போன், எந்த ஸ்கிரீன் ரீடர், என்ன சொல்கிறது என்பதைக் குறித்து முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். 'ஆப் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் பதில் வராது. பதில் இல்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கோ டெல்லியில் உள்ள தலைமை ஆணையருக்கோ புகார் செய்யலாம். மாவட்ட அளவிலான அரசுச் சேவை என்றால் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 89ஆவது பிரிவுப்படி முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50,000 முதல் 5 லட்சம் வரை. பெரிய கம்பெனிக்கு 10,000 ரூபாய் டீச்செலவுதான். இரண்டாவது மீறலுக்குப் பிறகே கணக்கு மாறத் தொடங்கும்.